உங்களுக்கா, வேலை ஆளுக்கா?

உங்கள் வீட்டு டைனிங் டேபிள் பிளைவுட்டாக இல்லாமல் நிஜ மரமாக இருந்தால், அதன் மேல்பலகையை ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஒரே பலகை மாதிரி தெரியும். இருக்காது. மூன்றடி அகலத்துக்கு ஒற்றைப் பலகை கொடுக்கும் தேக்கு மரத்தை வாங்க நம்மால் கட்டுப்படியாகாது. ஆறேழு அங்குலப் பலகைகளாக ஐந்தாறை அடுத்தடுத்து வைத்து, ஓரங்களில் ஃபெவிகால் தடவி, இறுக்கி ஒட்டியிருப்பார்கள். சரியாக ஒட்டின மூட்டு மரத்தைவிடப் பலமானது. உடைத்துப் பார்த்தால் பக்கத்து மரம்தான் பிளக்கும், பசை விடாது.

இதில் முக்கியமான சொல் 'இறுக்கி'. பசை பிடிக்கும்வரை அரை மணி, ஒரு மணி நேரம் யாராவது அந்தப் பலகைகளை விடாமல் நெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். மனிதக் கைகளால் முடியாது. அதைச் செய்கிற இரும்புச் சாமானுக்குப் பெயர் கிளாம்ப். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். மேஜையில் ஆணி தங்கும், பசை தங்கும், கிளாம்ப் தங்காது. அதனால் அதைப்பற்றி நாம் யோசிப்பதும் இல்லை.

ஆனால் யோசித்தால் அதில் ஒரு தர்ம சங்கடம் இருக்கிறது.

சென்னையில் பாரிமுனையைச் சுற்றியுள்ள இரும்புச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சின்ன ஜி கிளாம்ப் இருநூறு, முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வார்ப்பிரும்பு, மேலே ஒரு கோட்டு பெயின்ட். இன்னொரு பக்கம் ஜெர்மனியின் பெஸ்ஸி. ஒரு நீளமான கிளாம்ப்புக்கே சில ஆயிரங்கள் கேட்பார்கள். 1889-ல் ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பெஸ்ஸி என்பவர் ஆரம்பித்த கம்பெனி. ஆரம்பத்தில் அவர்கள் தயாரித்தது கிளாம்ப் அல்ல, எஃகுக் கம்பிகள். 1936-லிருந்துதான் கிளாம்ப். கம்பி தெரிந்தவன் கிளாம்ப் செய்தான் என்பது தற்செயல் இல்லை. ஏனென்றால் மலிவுக்கும் உசத்திக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

மலிவு கிளாம்ப்பை இறுக்கும்போது கம்பி லேசாக வில் மாதிரி வளையும். வளைந்தால் இரண்டு தாடைகளும் நேர் எதிராக நிற்காமல் வாயைப் பிளக்கும். பலகையின் ஒரு விளிம்பு மட்டும் அழுந்தும், இன்னொன்று தூக்கிக்கொள்ளும். ஒட்டி எடுத்துப் பார்த்தால் மேஜை லேசாகக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி இருக்கும். மரை சீக்கிரம் தேயும். நுனியில் இருக்கும் வட்டத் தகடு ஒரு நாள் கழன்று சுருள் தூளோடு குப்பைக்குப் போகும். ஈரப் பசையோடு பெயின்ட் போன இரும்பு பட்டால், துவர்ப்பு மிகுந்த மரங்களில் கறுப்புக் கறை விழும். விலை உயர்ந்த கிளாம்ப்பின் தாடைகள் இறுக்கின பிறகும் செங்குத்தாக நிற்கும். அதிகம் அழுத்துவது அதன் பெருமை அல்ல. அளவுக்கு மீறி இறுக்கினால் பசை எல்லாம் வெளியே வழிந்து மூட்டு பட்டினி கிடக்கும். சமமாக அழுத்துவதுதான் பெருமை.

அப்படியானால் நல்லதையே வாங்கிவிடலாமே? 'ஒரு தடவை அழு, ஒரு தடவை வாங்கு' என்று சொல்கிற கோஷ்டி ஒன்று உண்டு. அவர்களுக்குப் பிடித்த உதாரணம் டெரி பிராட்செட் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1993-ல் எழுதிய ஒரு நாவலில் வருகிறது. அதில் ஒரு போலீஸ் கேப்டன் பூட்ஸ் கணக்குப் போடுவார். ஐம்பது டாலர் பூட்ஸ் பத்து வருஷம் உழைக்கும். பத்து டாலர் பூட்ஸ் ஓரிரண்டு பருவத்தில் கிழியும். ஏழை அதே பத்து வருஷத்தில் நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் ஈரமாகவே இருக்கும். ஏழையாக இருப்பது ரொம்பச் செலவு பிடிக்கிற விஷயம் என்கிற கணக்கு.

பூட்ஸுக்கு இது சரி. கிளாம்ப்புக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. காலுக்கு இரண்டு பூட்ஸ் போதும். கிளாம்ப் அப்படி இல்லை. ஆறடி மேஜையை ஒட்ட, அடிக்கு ஒன்றாவது வேண்டும், மேலும் கீழும் மாற்றி மாற்றி. இரண்டே இரண்டு பெஸ்ஸி வைத்துக்கொண்டு அந்த மேஜையை ஒட்டவே முடியாது. எட்டு மலிவு கிளாம்ப் இருந்தால், சிரமப்பட்டாவது ஒட்டிவிடலாம். மர வேலைக்காரர்கள் மத்தியில் 'எத்தனை கிளாம்ப் இருந்தாலும் ஒன்று குறையும்' என்பது பழைய ஜோக். ஆகவே கையில் இருக்கும் காசுக்கு மலிவாக நிறைய வாங்குகிறவன் முட்டாள் இல்லை. கணக்குத் தெரிந்தவன். (பெயரை மட்டும் நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: கிளாம்ப் உலகத்தில் ஜோர்கன்சன் என்றால் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அதைச் செய்த சிகாகோ கம்பெனி 1903-ல் தொடங்கியது, 2016-ல் மூடிவிட்டார்கள். பெயரை வேறொருவர் வாங்கி விற்கிறார்கள். பெயர் அதேதான், பட்டறை வேறு.)

சரி, எட்டு மலிவு கிளாம்ப்பில் அந்த 'சிரமப்பட்டு' என்றேனே, அது யாருடைய சிரமம்? விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பசை தடவின பிறகு அடுக்கி இறுக்க ஐந்து பத்து நிமிஷம்தான் அவகாசம். நம் ஊர் வெயிலில் அதுவும் குறையும். நல்ல கிளாம்ப் என்றால் மாட்டி, திருகி, டீ குடிக்கப் போகலாம். மலிவு என்றால் போக முடியாது. ஒன்றை இறுக்கினால் பக்கத்தது தளரும். பலகை எழும்பும், கொட்டாப்புளியால் தட்டி உட்கார வைக்க வேண்டும். மூலமட்டம் வைத்துப் பார்த்து மறுபடி தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். "தம்பி, அந்த மூலையைப் புடி" என்று ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும். கிளாம்ப் செய்யாத வேலையை மனிதன் செய்து ஈடுகட்டுகிறான். நாம் கொடுக்காத ஆயிரம் ரூபாய் எங்கேயும் போய்விடவில்லை. அவன் தோளிலும் கவனத்திலும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது.

எண்ணிக்கை குறைந்தாலும் இதே கதைதான். நான்கே கிளாம்ப் உள்ளவர் ஒரு பலகையை ஒட்டிவிட்டு அது பிடிக்கும்வரை அடுத்ததை ஒட்ட முடியாது. காண்டிராக்டில் வேலை எடுத்தவருக்கு அந்தக் காத்திருப்புக்குக் கூலி கிடையாது.

இதே மலிவு கிளாம்ப்பை, ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பறவைக் கூண்டு செய்து பார்க்கிற ஒரு பேங்க் அதிகாரி வாங்கினால் ஒரு பிரச்னையும் இல்லை. சேமிப்பும் அவருடையது, கஷ்டமும் அவருடையது. ஒரே ஆள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிக்கொள்கிறார். அதற்குச் சிக்கனம் என்று பெயர் சொல்லலாம். சேமிப்பு ஒருவருக்கும் கஷ்டம் இன்னொருவருக்கும் போகும்போது அதே பெயரைச் சொல்லலாமா? எனக்கு வாய் வரவில்லை.

கடைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும். எந்தச் சாமான் கேட்டாலும் முதலில் ஒரு கேள்வி வரும்: "உங்களுக்கா சார், வேலை ஆளுக்கா?" 'எனக்கு' என்றால் ஒரு அலமாரி. 'ஆளுக்கு' என்றால் வேறு அலமாரி. கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வருஷக்கணக்கில் நாம் சொன்ன பதில்களிலிருந்து அவர் கற்றுக்கொண்டது அது. உங்கள் வீட்டிலேயே பாருங்கள். நீங்கள் சமைக்கும் தோசைக்கல் எந்த பிராண்டு, வேலைக்கு வரும் அம்மா முதுகை வளைத்துப் பெருக்கும் துடைப்பத்தின் நீளம் எவ்வளவு? அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் நாற்காலி, யார் வீட்டிலிருந்து கால் உடைந்து கீழே இறங்கினது?

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் வரும். எனக்குக் கேட்கிறது. "நம் ஆசாரிகள் ஜெர்மன் கிளாம்ப் வைத்தா கோயில் கதவு செய்தார்கள்? கயிறும் ஆப்பும் போதுமே!" உண்மை. கயிற்றைப் பலகையைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அபாரமான இறுக்கம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு கட்டையை அடித்து, இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகித் தட்டினால் கிளாம்ப்பே வேண்டாம். அந்த அறிவு பெரிய சொத்து. ஆனால் அதைப் புகழ்கிற நேரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் சாமான் வாங்கித் தர வேண்டிய நேரத்தில்தான் நமக்குக் கைத்திறன் ஞாபகம் வருகிறது. சர்ஜனிடம் போய், 'நல்ல கைராசிக்காரர் நீங்கள், பழைய கத்தியே போதுமே' என்று சொல்வோமா?

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. நம் ஊரில் தச்சரின் கருவி தச்சருக்கே சொந்தம். உளி, இழைப்புளி எல்லாம் அவர் காசு. ஆயுத பூஜைக்கு அவர்தான் குங்குமம் வைக்கிறார். அவர் எதை வாங்குகிறார் என்பதில் நமக்கென்ன வேலை? மலிவு அவர் தேர்வுதானே? தேர்வுதான். ஆனால் அந்தத் தேர்வை அவர் எந்தக் கூலிக்குள் நின்று செய்கிறார் என்று பாருங்கள். ரேட் பேசும்போது சதுர அடிக்கு இருபது ரூபாய் குறைத்துவிட்டுப் பெருமையாக மாடியேறினோமே, குறைத்தது அவர் சாப்பாட்டிலிருந்து மட்டும் இல்லை. கிளாம்ப்பிலிருந்தும்தான். பிறகு அலமாரிக் கதவு ஒன்றரை நூல் கோணலாக நிற்கும்போது, 'இப்பல்லாம் வேலையே சரியில்லை சார்' என்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வோம்.

வீட்டில் மர வேலை நடக்கும்போது பெரும்பாலும் சாமான் நம்முடையது, கூலி அவருக்கு. முதல் நாள் ஒரு துண்டுக் காகிதத்தில் லிஸ்ட் எழுதித் தருவார்: பிளைவுட் இத்தனை ஷீட், மைக்கா, ஃபெவிகால், ஒரு அங்குல ஆணி, கீல், உப்புத்தாள். கருவி அதில் ஒருபோதும் இருக்காது. கேட்கக் கூடாது என்பது வழக்கம். லிஸ்ட்டை வாங்கினதும், "கிளாம்ப் எத்தனை வச்சிருக்கீங்க? எத்தனை இருந்தா சௌகரியமா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சந்தேகமாகப் பார்ப்பார். அப்புறம் சைஸோடு சொல்வார், எந்தக் கடையில் எது வளையாது என்பது உட்பட. நாலு நல்ல கிளாம்ப்பின் விலை, நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் அலமாரிக் கைப்பிடிகளின் விலையை அநேகமாகத் தாண்டாது. வேலை முடிந்ததும் அவரே எடுத்துப் போகட்டும். அன்பளிப்பு, உதவி என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டாம். லிஸ்ட்டில் ஃபெவிகாலுக்கு அடுத்த வரியில் எழுதிவிட்டால் போதும்.