பொட்டலமும் பங்கும்

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைக் குழந்தைக்கு மட்டும் ஊட்டாமல் வீடே சேர்ந்து தின்றுவிடுகிறது, தாய்மார்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு பொட்டலத்தை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிடும் பெண் செய்வது தவறா? இதை ஓர் அறக்கேள்வியாகவே பார்க்க விரும்புகிறேன்.

சத்துமாவு நல்ல உணவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பால் மட்டும் போதாது. குழந்தையின் இரைப்பையோ மிகச் சிறியது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் கூழ் இளகும். அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கரைத்து ஊட்டலாம். நம் பாட்டிமார் அடுப்படியில் அறிந்திருந்த நுட்பம் இது. தமிழ்நாட்டில் அந்த மாவோடு கோதுமை, கடலை, வெல்லம், வைட்டமின்கள், தாதுக்கள் சேர்த்து மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிக்கின்றன. அங்கன்வாடி உணவில் ஒப்பந்ததாரர்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. லாபக்கணக்கிலிருந்து பெண்களின் உழைப்புக்கு உணவு திரும்புவது நமக்கு முக்கியமான வெற்றி.

ஆனால் பொட்டலத்தை அளக்கும் அரசு ஒரு குழந்தையை எண்ணுகிறது; சமைப்பவள் வாய்களை எண்ணுகிறாள். மூத்தவள் பார்த்துக்கொண்டிருக்க இளையவனுக்கு மட்டும் ஊட்டு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? போதாததை வைத்துக்கொண்டு அவள் நியாயம் செய்யப் பார்க்கிறாள். அந்தப் பங்கீட்டில் விடுபடுபவள் அவள் ஒருத்திதான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரிய மாவுகூடப் பிள்ளைகளின் கிண்ணத்துக்கே போய்விடுகிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவ்விரு எண்களையும் தனித்தனியே படிக்கக் கூடாது. சோகை பிடித்த தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம்.

தன் பங்கை விட்டுக்கொடுத்தால் தாயன்பு. குழந்தையின் பங்கைப் பிறருக்கும் கொடுத்தால் அறியாமை. நம் பண்பாடு இப்படித்தான் பெயரிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பானையில் இருப்பது போதவில்லை. அதை நிரப்பும் பொறுப்பு கூலி கொடுப்பவருக்கும், அரசுக்கும், அந்த வீட்டில் முதலில் உண்டு எழும் ஆணுக்கும் உண்டு. விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைக்கட்டும். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையோடு கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் உரிமையாளர்களாகவே சொல்கிறது. உரிமையுள்ளவள் தன் பங்கை உண்பதற்கு யாரிடமும் கூச்சப்படத் தேவையில்லை.