கரையும் உரிமையும்

கடற்கரையில் மனை வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்? சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. அங்குள்ள செந்தோசா கோவ் குடியிருப்பில் நீர்வழிகளை ஒட்டி மாளிகைகள் நிற்கின்றன; சில வீடுகளின் பின்புறத்திலேயே படகு கட்டும் துறை உண்டு. வெளிநாட்டவரும் அரசின் ஒப்புதல் பெற்று அங்கே தரைவீடு வாங்கலாம். எனினும் மனையின் குத்தகை 99 ஆண்டுகளே. கோடிகளைக் கொட்டியவரும், எதிர்க்கரையில் தெலுக் பிளாங்காவின் அடுக்குமாடியில் வாழும் தொழிலாளியும் இவ்வகையில் ஒரே நிலையினர்; வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடும் 99 ஆண்டுக் குத்தகையே அன்றோ! பேரன் காலத்தில் தீர்ந்துபோவது உரிமையாகுமா எனச் சிலர் நகைப்பர். அந்நகைப்பு பொருந்தாது. மனித ஆயுள் அதனினும் குறுகியது. குத்தகை நிலத்தில் நட்ட தென்னையும் காய்க்கத்தான் செய்கிறது.

நெஞ்சை உறுத்துவது வேறொன்று. இத்தீவு முன்னர்ப் புலாவ் பிளாக்காங் மாத்தி எனப்பட்டது. அங்கு வாழ்ந்த மலாய்க் கிராமத்தினர், 1970களில் அது உல்லாசத் தீவாக மாறியபோது, பெருநிலத்திற்குப் பெயர்ந்தனர். 'செந்தோசா' என்றால் மலாய் மொழியில் அமைதி. கடலை அவர்கள் காட்சியாக விலை பேசியதில்லை. அவர்களுக்கு அது வழியும் உணவும். பத்திரம் உள்ளவர் தம் உரிமையை ஆண்டுக் கணக்கில் எண்ணிச் சொல்லலாம். வாழ்ந்ததொன்றே சான்றாக உள்ளவருக்கு அக்கரையில் இருந்தது எவ்வகை உரிமை?