காட்டுகிற சம்பளம்

சம்பளத்தில் இரண்டு வகை உண்டு. கையில் வாங்குவது ஒன்று, இ.எஸ்.ஐ.க்குக் காட்டுவது இன்னொன்று. சின்னப் பட்டறைகளில் இது ரகசியமே இல்லை. சேரும்போதே முதலாளி சொல்லிவிடுவார்: "பதினெட்டாயிரம் தர்றேன் தம்பி. கணக்குல ஒன்பது காட்டிக்கலாம், மீதி கவர்ல வந்துடும். உனக்கும் பிடித்தம் கம்மி." தம்பி தலையாட்டிவிடுவார்.

இரண்டு பேரும் சம்மதித்துச் சொல்கிற பொய்யில் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது? நன்மை தருமானால் பொய்க்கும் வள்ளுவர் சலுகை தந்திருக்கிறாரே என்று கேட்கலாம். தந்தார்தான். ஆனால் அந்த நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தார். அதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. சந்தா தொழிலாளிக்கு முக்கால் சதவிகிதம், முதலாளிக்கு மூணேகால் என்று குறைந்தது. மறைத்த ஒன்பதாயிரத்தில் தம்பிக்கு மாதம் மிச்சம் 67 ரூபாய் 50 காசு. முதலாளிக்கு 292 ரூபாய் 50 காசு. (பி.எஃப். பிடித்தமும் குறையும்தான். ஆனால் அது தம்பியின் சொந்தச் சேமிப்பு. கூடவே முதலாளி போடவேண்டிய பங்கும் குறைகிறது.)

2020-ல் கொரோனா வந்தது, ஷட்டர் இறங்கியது. வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் 2018 முதலே ஒரு திட்டம் இருந்தது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று வாயில் நுழையாத பெயர். சராசரி தினச் சம்பளத்தில் கால் பங்கு, 90 நாள் வரை, ஆயுளுக்கு ஒரே தடவை. கொரோனாவுக்காக அதைப் பாதியாக்கினார்கள். எதில் பாதி? காட்டிய சம்பளத்தில் பாதி. முப்பது நாளால் வகுத்துப் பார்த்தால், 27,000 ரூபாய் வந்திருக்க வேண்டிய தம்பிக்கு 13,500. போன 13,500-ஐ மாதம் 67.50 வீதம் மிச்சம் பிடிக்க 200 மாதம் ஆகும். பதினாறு வருஷம், எட்டு மாசம்!

நாட்களைக் குறைத்து எழுதியிருந்தால் இன்னும் மோசம். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாளாவது வேண்டும் என்பது நிபந்தனை. மாதம் பத்து நாள் என்று காட்டியிருந்தால் ஒரு பைசா கிடையாது.

'அவன்தானே சம்மதிச்சான்' என்ற வாதம் எனக்குச் செரிக்கவில்லை. சம்மதித்தது வேலை கேட்டு வாசலில் நின்றவன். நஷ்டப்படுவது வேலை போனவன். ஒரே ஆள்தான், ஆனாலும் முதலாமவனுக்கு இரண்டாமவன் சார்பில் கையெழுத்துப் போட எவ்வளவு உரிமை? முதலாளி எல்லோரும் வில்லன் இல்லை; பக்கத்துப் பட்டறைக்காரர் பாதி காட்டும்போது முழுசாகக் காட்டுகிறவர் ரேட்டில் அடிபடுவார். ஆனாலும் மாதாமாதம் போகிற அந்த விவரம் வெறும் சலான் இல்லை. இந்த மனுஷன் இத்தனை நாள் உழைத்தான், இவ்வளவு சம்பாதித்தான் என்று அடுத்தவனுக்காகச் சொல்கிற சாட்சி அது.

அந்தத் திட்டத்தில் மனு முதலில் பழைய முதலாளி வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. 2020-ல் அதை மாற்றி, தொழிலாளியே நேராகக் கொடுக்கலாம் என்றார்கள். நல்ல மாற்றம். மனுவை நேராகக் கொடுத்தார்கள். அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது பழைய முதலாளி எழுதிய ஒன்பதாயிரம்.