குவளைக் கண்ணன்

1921. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். வழக்கம்போல யானைக்குத் தின்னக் கொடுக்கப் போன பாரதியை அது துதிக்கையால் தள்ளிவிட்டது. மதம் பிடித்துக் கட்டிப்போட்டிருந்த யானை. அதன் காலடியிலேயே நினைவின்றிக் கிடந்தார். கூடியவர்கள் கூச்சல் போட்டார்கள். கிட்டே போக யாருக்கும் துணிவில்லை. பாரதியின் நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே குதித்தார், தூக்கிக்கொண்டு வந்தார். பிறகுதான் மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியார் முதலானோர் ராயப்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

கூச்சலிட்டவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. யானையின் கால் யார் தலையையும் விசாரித்துவிட்டு மிதிப்பதில்லை.

*

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யானையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய புதுச்சேரிக் காலம்தான் பெரிதாகப் படுகிறது. பிரிட்டிஷார் கைதுக்குத் தப்பிப் பாரதி அங்கே போனது 1908இல், பத்தாண்டு இருந்தார். 1911இல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின் பிரிட்டிஷ் உளவாளிகளின் கெடுபிடி இன்னும் முற்றியது. பாரதி வீட்டுக்குப் போய்வருகிறவன் மேலும் சந்தேகம் விழும் காலம். கண்ணன் போய்க்கொண்டுதான் இருந்தார்.

*

யானை யோசிக்க நேரம் தராது. போலீஸ் தரும். இன்றைக்கு வேண்டாம், கொஞ்சம் அடங்கட்டும், வீட்டில் உடம்பு சரியில்லை என்று நாளைத் தள்ளலாம். தள்ளித் தள்ளியே நட்பைக் கைகழுவிவிடலாம். கோழை என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை, விட்டவனுக்கே அது தெரியாமல்கூடப் போகும். அத்தனை சௌகரியம் இருந்தும் விடாதவனுடைய துணிச்சலைத்தான் நான் உயர்வாக வைப்பேன். யானைக்கொட்டிலில் குதித்தது அதற்கு அடுத்தபடிதான்.

*

பாரதி தம் ‘பாரதி அறுபத்தாறு’ பாடலில் கண்ணனைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சாமியாரைத் தம்மிடம் அழைத்துவந்ததற்காக; பார்ப்பனராகப் பிறந்தும் எல்லாச் சாதியாரையும் சமமாக நடத்தியதற்காக. யானை அங்கே வரவே இல்லை.

*

யானை தள்ளிய அடியிலிருந்து பாரதி தேறி எழுந்தார். ஈரோடு கருங்கல்பாளையம் போய், மனிதனுக்கு மரணமில்லை என்று பேசினார். பிறகு வயிற்றுக்கடுப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். கிருஷ்ணாம்பேட்டை மயானம்வரை போனவர்கள் மிகச் சிலர். பாடையைச் சுமந்தவர்களில் ஒருவர் குவளைக் கண்ணன்.