இறக்கி வச்ச கல்லு

ஸ்பெயின்ல சந்தியாகோ பாதயாத்திரை போயிட்டு வந்தேன். புனித யாக்கோபு அடங்கினதா நம்பப்படுற பேராலயம் வரைக்கும் நடை. லீவு கம்மி, அதனால லியோன்ல இருந்து சுமார் 300 கி.மீ. மட்டும்தான். வழியெல்லாம் மஞ்சள் அம்புக்குறி. நம்ம பழனி நடை மாதிரியே கால் கொப்புளம்!

ஃபொன்செபதோன் ஊரைத் தாண்டினா, 1500 மீட்டர் உயரத்துல ஒரு நெட்டை மரக்கம்பம். உச்சியில இரும்புச் சிலுவை, அடியில கல்குவியல். அவங்கவங்க ஊர்ல இருந்து ஒரு கல் கொண்டுவந்து, மனசுல உள்ள பாரத்தோட சேர்த்து அங்க இறக்கி வைக்கிறது வழக்கம். நானும் ஆத்துக் கல் ஒண்ணு கொண்டு போயிருந்தேன். அண்ணன்கிட்ட பேசி 2 வருஷமாச்சு. வீட்டுப் பங்குத் தகராறு.

கல்லை வச்சாச்சு. இறங்கும்போது பார்த்தா, அதே பழைய கணக்கைத்தான் மனசு மறுபடி போட்டுக்கிட்டிருக்கு.

அப்பதான் இடும்பன் ஞாபகம் வந்தது. இளைப்பாற இறக்கி வச்ச மலையை அவன் திரும்பத் தூக்கப் பார்த்தான், அசையலை. மேல குழந்தையா முருகன் நின்னுட்டிருந்தான். நான் இறக்கினதுமே தூக்கிட்டேன், தடுக்க ஆளில்லை.

அண்ணன் நம்பரை எடுத்து வச்சிருக்கேன், இன்னும் கூப்பிடலை. முருகா, என் கல்லு மேலயும் கொஞ்சம் ஏறி நில்லுப்பா.

அரோகரா!