ருசியும் ஊர்ப் பெயரும்

ஒயின் என்றதும் நமக்கு நினைவு வருவது இனிப்பு. கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்னக் கோப்பையில் வருகிற, திராட்சைப் பாகு போன்ற ஒன்று. பிரான்ஸில் ரோன் நதியின் வடபகுதியில், செங்குத்தான கருங்கல் சரிவுகளில் விளையும் ஸிரா திராட்சையின் சிவப்பு ஒயின் இந்த ஜாதி அல்ல. அதில் இனிப்பு ஏறக்குறைய இல்லை. நாவைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு, மிளகு, கறுப்பு ஆலிவ், புகையில் வாட்டிய இறைச்சி. ஐரோப்பியர் இந்தக் குணத்திற்கு வைத்திருக்கும் சொல் தமிழில் நேராக இல்லை. மிட்டாய்க் கடைக்காரர் பலகாரங்களை இனிப்பு என்றும் காரம் என்றும் பிரிக்கிறாரே, அதில் காரத்தின் பக்கம் சேர வேண்டியது.

கோர்னாஸ் என்ற ஊரில் இதைச் செய்கிறவர் "இது எங்கள் மண்ணின் ருசி" என்பார். தெர்வார் என்று பிரஞ்சில் அதற்கு ஒரு சொல்லும் உண்டு. தமிழ் எழுத்தாளன் இதைக் கேட்டதும் தலையாட்டிவிடுவான். நிலமும் பொழுதும் முதற்பொருள், உணவு கருப்பொருள் என்று படித்து வளர்ந்தவன் அல்லவா. அத்தனை சுலபமாகத் தலையாட்ட முடியாது என்பது என் கட்சி.

ஸிராவின் மிளகு மணம் எங்கிருந்து வருகிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் தேடி, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ரோடண்டோன் என்ற ஒரே பொருள். மிளகின் மணமும் அதுதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தால் போதும், மூக்கு கண்டுகொள்ளும். நமக்கு விசேஷம் அந்தப் பெயரில் இருக்கிறது. சைபெரஸ் ரோட்டண்டஸ் என்ற தாவரத்திலிருந்து வந்த பெயர். அதாவது நம் கோரை. களையெடுக்கிற பெண்கள் பிடுங்கி வரப்பில் எறிகிற, நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு வாங்குகிற அதே கோரைக்கிழங்கு. கோர்னாஸின் ஆத்மா என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு கள்ளக்குறிச்சி வயல் வரப்பிலும் காய்ந்து கிடக்கிறது. இன்னொன்று: அந்தச் சோதனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மிக அதிக அளவிலும் அந்த மணம் தெரியவே இல்லை.

மண்ணுக்குச் சம்பந்தமே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. குளிர்ந்த சரிவில், மெல்லப் பழுக்கும் காயில் இந்தப் பொருள் கூடுதலாகச் சேர்கிறது. ஆனால் குப்பியின் மேல் ஊர்ப் பெயர் ஏறியது ருசியினால் அல்ல, கலப்படத்தினால். 1860களில் பரவத் தொடங்கிய பிலாக்ஸெரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. தட்டுப்பாட்டில் உலர்திராட்சையும் சர்க்கரையும் சேர்த்துப் போலி ஒயின் பெருகியது. 1907இல் தென் பிரான்ஸின் திராட்சை விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், ராணுவம் சுட்டது. 1935இல் ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் வந்தது. எர்மிதாஜுக்கு 1937, கோர்னாஸுக்கு 1938. பெயர் என்பது ருசியின் வர்ணனை அல்ல, ஒரு ஜாமீன்.

போலி இதைவிடப் பழையது. அரிக்கமேட்டில் கிடைத்த மது ஜாடித் துண்டுகளில் கோஸ் தீவுப் பாணி ஜாடிகள் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். உப்புக் கரிக்கும் ஒயின். அதை இத்தாலியத் திராட்சையிலேயே செய்துகொள்ள, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ செய்முறை எழுதிவைத்தார். நம் கரையில் இறங்கிய ஜாடிக்குள் இருந்தது தீவா, செய்முறையா என்று குடித்தவன் நாக்கு சொல்லியிருக்காது.

நாக்கு சொல்லாது என்பதுதான் விஷயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றியும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, படித்தவர்கள் பேசிய பேச்சு நினைவிருக்கலாம். தெரிந்துதானே குடித்தார்கள், விஷத்தின் ருசிகூடவா தெரியவில்லை? தெரியாது. மெத்தனாலும் எத்தனாலும் மணத்திலும் ருசியிலும் கிட்டத்தட்ட ஒன்று. உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தொட்ட பிறகே வித்தியாசம் தெரிகிறது. 1986இல் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் இருந்து வந்த மலிவு ஒயினில் இதே மெத்தனாலைக் கலந்தார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒயினோடு சாப்பிட்டு வளர்ந்த நாக்குகள் அவை. அவற்றுக்கும் தெரியவில்லை. அவர்களைப் பார்த்து 'தெரிந்தே குடித்தார்கள்' என்று சொல்லத் துணியாதவன் கருணாபுரத்துக் கூலிக்காரனைப் பார்த்து மட்டும் சொல்வது ருசி பற்றிய பேச்சு அல்ல.

பீட்மாண்டில் பார்பெரா என்ற திராட்சையின் பெயர் கெட்டது. கெடுவதற்கு ஒரு பெயர் இருந்தது; அதை மீட்க வேண்டிய கட்டாயம் அங்கு தோட்டம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் வந்தது. கல்வராயன் மலையில் அப்படி எதுவும் இல்லை. 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை அது. மண்ணே தன் பெயரில் இல்லாதவன் எதன் மேல் ஊர்ப் பெயரை எழுதுவான்? வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் அங்கே நெடுங்காலமாக உண்டு. (பட்டையின் துவர்ப்பு ஆவியில் ஏறாது, காய்ச்சி வடித்ததில் அது தங்குவதில்லை.) அந்தச் சரக்கு நல்லது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மலையில் ஊறியது அல்ல, தொழிற்சாலைக்கு உரிய மெத்தனால். பேச்சில் மட்டும் மலையின் பெயர் முன்னால் வந்து நின்றது. தான் செய்யாத ஒன்றுக்குத்தான் அந்த இடத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

சட்டப்படியான குப்பியின் கதை வேறு. இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது என்பது அதன் பெயர். ஒரே பெயரில் இரண்டு ஊர்களை மறைக்கிற சாமர்த்தியம் வேறு எந்த மொழிக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. அதில் பெரும்பாலும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. மலையின் ஊறலில் விழும் வெல்லமும் கரும்புதான். இந்த வட்டாரத்தில் மண்ணின் ருசி என்று ஒன்றைத் தேடுகிறவன் கரும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கரும்பு எந்தச் சரக்குக்குள் போனாலும் ஊர்ப் பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டே போகிறது.