தாமதமாக வந்த உண்மை

2025 மே மாதம், தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் ஓர் அண்ணன் சொன்னார்: "டெல்லி சொல்லட்டும் தம்பி, நம்புறேன்." மே 7 மோதலில் போர் விமானங்களை இழந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது மே 31இல், அதுவும் இதே சிங்கப்பூரில், வெளிநாட்டு ஊடகங்களிடம். எண்ணிக்கை சொல்லவில்லை.

சண்டை நடக்கும்போது வாய் திறக்காதது நியாயம்தான். எதிரிக்கு உதவும் தகவல் அது. ஆனால் மே 10இலேயே சண்டை நின்றுவிட்டது. அதற்குப் பிறகான மூன்று வார மௌனம் யாரைக் காத்தது?

நான் பொறியாளன். கெட்ட அளவை மட்டும் மறைக்கிற சென்சாரை, நல்ல அளவு காட்டும்போதும் நம்ப முடியாது. பாகிஸ்தான் ஏவுகணைகளை எஸ்-400 தடுத்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். அண்ணன் இப்போது அதற்கும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமா இருக்கு.